நாற்பது காசு குறைகிறது

சங்கத்தின் கணக்குப் புத்தகம் என்னிடம் இருக்கிறது.
பறவை பார்க்கும் பொறுமை எனக்குக் கிடையாது;
கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போன அன்று
மிச்சமிருந்த ஒரே பதவி பொருளாளர்.

வரவு. அக்டோபர், முதல் சனி.
இரும்புக்கடை வாசலில் சாஸேஜ் சுட்டு விற்றது,
இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
வெங்காயம் கருகிய நட்டம் தனி.

க்ளெனிஸ் பறவை வேடம் கட்டியிருந்தாள்.
கிறிஸ்துமஸ் நாடகத்துத் தேவதைச் சிறகு,
நீச்சல் குளத்துக் கறுப்புத் தொப்பி,
சாலைக் கூம்பை வெட்டிச் செய்த ஆரஞ்சு அலகு.
"பென்குவின்!" என்றது ஒரு குழந்தை.
"கடற்காகம்" என்று திருத்தினார் அப்பா,
"வேண்டிய மட்டும் இருக்கிறதே,
என் கையிலிருந்தே சிப்ஸைப் பிடுங்குகிறது."
வேர்வை சொட்டும் அலகுக்குள்ளிருந்து
பதில் வந்தது:
இது ஆலா. ஆலாவிலும் சிற்றாலா.
தாரா இட்டி. சின்ன எலுமிச்சம்பழத்தின் எடை.
நாடு முழுக்கத் தேடினாலும் நாற்பதைத் தொடாது.
உங்கள் பின்னால் நிற்கும் வரிசை அதைவிட நீளம்.
அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார்.
பார்த்தபடியே கொஞ்ச நேரம் மென்றார்.

கூடு என்று பெரிதாக ஒன்றும் கட்டாது அது.
மணல் திட்டில் நெஞ்சை அழுத்தி ஒரு குழி,
உடைந்த சிப்பிகளுக்கு நடுவே
உடைந்த சிப்பி போலவே ஒரு முட்டை.
அந்தக் கெட்டிக்காரத்தனம்
பருந்திடம் செல்லும்.
டயரிடம் செல்லாது.

போன வருடம் அந்தத் தடத்தை
ராவிரி டேப் வைத்து அளந்தான்:
அகலம், ஆழம், எங்கே வளைந்தது.
அந்த அகல டயர் ஊரில் மூன்று வண்டிக்குத்தான்.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
ஒரே பெட்ரோல் பங்க்கில்
முகம் பார்த்துச் சிரிக்க வேண்டிய ஊர்.

பதினொன்றரைக்கு வந்தான் ஒருவன்.
சாஸேஜ் வேண்டாம் என்றான்.
ஐம்பது டாலர் தாளை எட்டாக மடித்துக்
குப்பை போடுகிற மாதிரி வாளியில் போட்டான்.
ரசீதுக்குப் பெயர் கேட்டேன்.
தெரிந்த பெயர்தான். அவன் மகளுக்கு
மூன்றாம் வகுப்பில் நான்தான் பெருக்கல் நடத்தினேன்.
"எழுதாதே."
பெயரிடத்தில் கோடு போட்டேன்.

செலவு. பொறி பதினாறு.
பொறியில் வைக்கக் கோழிமுட்டை இரண்டு டஜன்
(முட்டையைக் காக்க முட்டையா, என்றார் தணிக்கையாளர்).
கம்பம், கயிறு. நாய்க்கு அனுமதியில்லை, பலகை இரண்டு;
ஒன்றை யாரோ பிடுங்கிக் குளிர்காய்ந்துவிட்டார்கள்.
கூட்டுத் திட்டை ஒரு முழம் உயர்த்தச் சிப்பி, ஒரு லோடு.
வண்டி வாடகை:
காலி.
வியாழன் விடியுமுன் யாரோ கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்,
வேலியை நெருங்காமல், வெளியே.
அகலத் தடம் ஒன்று
வந்த கோட்டின் மேலேயே பின்வாங்கியிருந்தது.
ராவிரி இந்த முறை டேப்பை எடுக்கவில்லை.

டிசம்பரில் பௌர்ணமி ஓதமும் புயலும் ஒரே இரவில்.
காலையில் போனோம்.
மூன்று குழியில் இரண்டு இல்லை.
மூன்றாவது சிப்பி மேட்டில் இருந்தது,
ஈரக் கோட்டிலிருந்து என் ரப்பர் பூட்ஸின் நீளத்தில்.
தாய் உட்கார்ந்திருந்தது, அல்லது தந்தை;
பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது.
க்ளெனிஸ் மூக்கைச் சிந்தினாள்.
அலகு மாட்டியிருந்தால் இதற்கும் வழியில்லை என்றாள்.

இப்போது ஆண்டுக் கணக்கு முடிக்கிறேன்.
பிப்ரவரியில் ஒரு குஞ்சு பறந்தது.
எந்தப் பத்தியில் எழுதுவது?
வரவென்றால், நம்மிடம் இல்லை, கழிமுகம் தாண்டிப் போய்விட்டது.
செலவென்று எழுதக் கை வரவில்லை.

பெட்டியில் நாற்பது காசு குறைகிறது.
மூன்று இரவாகத் தேடுகிறேன்.
நாற்பது காசுதானே, என் பையிலிருந்து போடுகிறேன்
என்கிறாள் செயலாளர் நைரி.
வேண்டாம்.
எங்கே போனது என்று
எனக்குத் தெரிய வேண்டும்.